நொய்யல் முதல் புகார் வரை

பழந்தமிழர் வகுத்த நூல்வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர் கூட்டம், வழியிடையே வறுமையுற்று வரும் மற்றொரு கூட்டத்தைக் கண்டு, இவ்வழியே செல்லுங்கள், இன்ன ஊரில் தங்குங்கள், இன்ன இடத்தில் இன்னது உண்ணக் கிடைக்கும், இன்ன இடத்தில் எச்சரிக்கையாய் இருங்கள் என்று நெறிப்படுத்துவதே அதன் இலக்கணம். பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படைகளே. திருமுருகாற்றுப்படை ஒழிந்த ஏனைய நான்கிலும் வரும் பாணரும் பொருநரும் கூத்தரும் தம் சுற்றத்தோடும் இசைக்கருவிகளோடும் கூட்டமாகவே செல்வர். கூடிச் செல்லுதலும், சென்று மீண்டவர் செல்வார்க்கு வழி சொல்லுதலும் நம் முன்னோர்க்கு ஓர் இலக்கியமாகவே அமைந்தன.

சென்ற டிசம்பர் விடுமுறையில் நம் கலாசாலைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவ மாணவியர் பதினெண்மர், ஆசிரியர் இருவருடன் நொய்யற் கரையினின்று புறப்பட்டு, அந்நீர் சென்று கலக்கும் காவிரியோடு நடந்து, கீழ்க்கடல் கண்டு மீண்டோம். நடந்து என்றது உபசார வழக்கு. சென்றது வாடகைப் பேருந்தில். பரிசில் பெற்று வந்தோம் என்று சொல்ல இயலாது. ஆயினும் ஒரு பாடம் பெற்று வந்தோம். அதனை இனிச் செல்வார்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாடத்தை எனக்குக் கற்பித்தது என் பிழையே ஆதலின், அப்பிழையையும் மறையாது கூறுவேன்.

கடலில்லா நாடு

கொங்கு நாட்டிற்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அந்நாடு இரண்டு கடல்களுக்கும் உறவுடையது. மேற்கே மதிலென நிற்கும் மலைத்தொடர் பாலக்காட்டின் அருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம் இடைவெளி விட்டு நிற்கின்றது. அவ்வாயிலின் வழியே மேல்கடற் காற்று வருவதுபோல, மேல்கடற் பண்டமும் பண்டைக்காலத்தில் வந்தது. மேற்கே சேரர் துறைமுகமாகிய முசிறி. கிழக்கே சோழர் துறைமுகமாகிய புகார். இவ்விரண்டிற்கும் இடையே நிலவழியாகச் செல்லும் வணிகர் கொங்கைக் கடந்தே செல்லுதல் வேண்டும்.

அவ்வணிகரும் தனித்துச் செல்லவில்லை. அவர்தம் கூட்டத்திற்குச் சாத்து என்பது பெயர். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்லும் காட்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் காணலாம். கோவைக்கு அணித்தாகிய சுண்டக்காமுத்தூரை அடுத்த மலையடிவாரத்தில், இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் பொறித்த பாறைக் கல்வெட்டு ஒன்று தமிழிலும் வட்டெழுத்திலும் உள்ளது. அஃது இடைக்காலச் சோழர் காலத்தது. எனினும் பெருவழிகள் ஒருநாளில் பிறப்பன அல்ல; மாந்தர் அடிச்சுவடு பட்டுப் பட்டுத் தேய்ந்த தடமே பின்னர் அரசன் பெயர் பெறுகின்றது.

அத்தடத்தின் சான்றுகள் கொங்கு மண்ணில் புதைந்து கிடந்தன. 1842-ஆம் ஆண்டில் கோவையை அடுத்த வெள்ளலூரில் 500-க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒருங்கே கிடைத்தன. 1946-இல் உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்டவை கிடைத்தன. அவற்றுள் மிகப்பல அகஸ்து இராயனும் திபேரியு இராயனும் வெளியிட்டவை. திபேரியு என்னும் பெயரை வேதாகமத்தில் படித்தபொழுதெல்லாம் எங்கோ ஒரு தூரதேசத்து அரசன் என்றே நான் எண்ணியிருந்தேன். அவன் முகம் பொறித்த காசு நம் ஊரார் கையில் புழங்கியது என்று அறிந்தபொழுது, கலிலேயாவும் கொங்கும் ஒரே காலத்தில் ஒரே உலகில் இருந்தன என்னும் எளிய உண்மை முதன்முறையாக எனக்கு விளங்கிற்று. இன்று கோவையில் வெள்ளலூர் என்றால் பலருக்கும் குப்பைக் கிடங்கே நினைவிற்கு வரும்.

இத்துணை வெள்ளி இங்கே வந்தது எதற்காக? மிளகு ஒரு காரணம், மணிக்கற்கள் மற்றொன்று. காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கடல்நீர் நிறத்ததாகிய பச்சைக்கல் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே சுரங்கம் வெட்டி எடுத்தார். இக்கல்லை ரோமர் பெரிதும் விரும்பினர். கி.பி. 79-இல் இறந்த பிளினி என்னும் ரோம அறிஞர், இக்கல் பெரும்பாலும் இந்தியாவினின்றே வருவது என்றும், ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் பணத்தை இந்தியா கவர்ந்து கொள்கின்றது என்றும் வருந்தி எழுதினார். அவர் வருத்தத்தின் ஒரு பகுதி நம் நொய்யற் கரையில் விளைந்தது.

கொடுமணல்

பேரூரில் காலை உணவு முடித்துப் புறப்பட்ட நாங்கள், திருப்பூர் கடந்து, நண்பகலில் கொடுமணல் சேர்ந்தோம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் அமைந்த சிற்றூர் அது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று குறித்த ஊர் இதுவே என்பர் அறிஞர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், 2012, 2013-ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரும் இங்கே அகழ்ந்தனர். மணி கோக்கும் தொழிற்கூடங்கள், இரும்பு உருக்கிய உலைகள், கற்பதுக்கை ஈமக்குழிகள், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் ஆகியன வெளிப்பட்டன. ஓர் ஈமக்குழியில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளம் இந்நாட்டுக் கல் அன்று. கூர்ச்சரம் போன்ற தொலைநாட்டினின்று வந்தது. ஓடுகளில் கண்ணன், ஆதன், சம்பன் என்னும் பெயர்களும், வணிகர் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல்லும் காணப்படுகின்றன. அவை அரசர் பெயர்கள் அல்ல. தம் பானை பிறர் பானையோடு மாறிவிடக்கூடாதே என்று கவலைப்பட்ட சாதாரண மக்களின் பெயர்கள்.

இவ்வளவும் படித்துச் சென்ற எங்களுக்கு அங்கே காணக் கிடைத்தது என்னை? ஒன்றும் இல்லை என்றே கூறலாம். அகழ்ந்த குழிகள் ஆய்வு முடிந்தபின் மூடப்படும். எதிரே இருந்தது மேட்டாங்காடு, பனை, வேலமரம், ஆங்காங்கே நெட்டெனக் கிடக்கும் கற்கள். கோயிற் கோபுரத்தையோ அரண்மனைத் தூணையோ எதிர்பார்த்த சிலர் முகம் வாடினர்.

காட்டுக்கு உரியவராகிய முதியவர் ஒருவர் எங்களை எதிர்கொண்டார். "எங்க பாட்டன் காலத்துல இருந்தே ஏர் ஓட்டுனாப் பாசி வருமுங்க. மழை பேஞ்ச மறுநாளு பொம்பளப் புள்ளைங்க பொறுக்கிக் கோத்துப் போட்டுக்குவாங்க. இது இவ்வளவு பெரிய சங்கதின்னு அப்ப ஆருக்குத் தெரியுமுங்க?" என்றார். எம் ஆசிரியர் அவரிடம், "ஒரு கல்லைக்கூட எங்கள் பிள்ளைகள் எடுக்கமாட்டார்கள், ஐயா, பார்த்துவிட்டுப் போவோம்" என்று வாக்களித்தார். அவ்வாக்கின்மேல் அவர் எங்களைத் தம் காட்டில் நடக்க விட்டார்.

ஆற்றங்கரைக்குச் சென்றபொழுது எம் பேச்சு அடங்கிற்று. மணிகளைத் தேய்த்து மெருகிட்ட கைகள் நீர் மொண்ட ஆறு இது. இதற்கு அணித்தேதான் 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை உள்ளது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட அவ்வணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதால், உழவர் வயலுக்கு அந்நீர் உதவாது போயிற்று. வழக்கு நடந்து, கழிவை முற்றும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆதன் என்பவன் தன் பெயரை ஓட்டில் எழுதிச் சென்றான். நாம் நம் பெயரை நீரில் எழுதி வைத்தோம் என்று என் தோழர் ஒருவர் கூறினார். ஒருவரும் மறுமொழி கூறவில்லை.

மீண்டு வரும்பொழுது, ஒரு வரப்பின் ஓரம் மழைநீர் அறுத்த மண்ணிலிருந்து கறுப்பும் சிவப்புமான ஓட்டுச் சில்லு ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பினேன், கையோடு வந்தது. துடைத்துப் பார்த்தேன். அதன்மேல் மூன்று கீறல்கள். எழுத்தோ குறியீடோ அறியேன். தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன் கையில் இரண்டாயிரம் ஆண்டு எழுத்து ஒன்று வந்து விழுந்தால் அவன் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை நண்பர்களே உணர்வர். இது நானே கண்டது, எனக்கே உரியது என்று ஓர் எண்ணம் எழுந்தது. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஒருவரும் காணவில்லை.

நெல் உரைத்த சாட்சி

அன்றிரவு தங்கிய விடுதியின் மாடியில் எம் ஆசிரியர் எங்களை வட்டமாக இருத்தி, அகழாய்வு நடைபெறும் முறையை விளக்கினார். நிலத்தைச் சதுரங்களாக அளந்து கயிறு கட்டுவர். மண்ணை அடுக்கு அடுக்காக, சிறிது சிறிதாகச் சுரண்டி நீக்குவர். கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எந்தச் சதுரம், எவ்வளவு ஆழம், எந்த அடுக்கு, அருகில் யாது இருந்தது என்பவற்றைக் குறித்து வைப்பர். மேலடுக்கு பிற்காலத்தது, கீழடுக்கு முற்காலத்தது. ஓட்டிற்கு வாயில்லை, அது கிடந்த இடமே அதன் வாய் என்றார்.

பின்னர்ப் பொருந்தலின் கதையைச் சொன்னார். பழனிக்கு அணித்தாகிய அவ்வூரில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் ஈமக்குழி ஒன்று அகழப்பட்டது. அதில் நான்கு கால்களையுடைய சாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில், வய்ர என்னும் எழுத்துப் பொறித்த பிரிமணை ஒன்றும் இருந்தது. பிரிமணையின் காலத்தை நேரே கணிக்க வழியில்லை. நெல்லின் காலத்தைக் கரிமக் கணிப்பால் அறியலாம். கணித்தபொழுது அந்நெல் கி.மு. 490 அளவினது என்று விடை வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே குழியில் ஒரே நாளில் வைக்கப்பட்டவை ஆதலின், நெல்லின் காலமே எழுத்தின் காலமும் என்று அகழ்ந்தோர் வாதிட்டனர். தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய ஆராய்ச்சியில் அக்குழி பெரும் இடம் பெற்றது.

"எழுத்துக்கு நெல் சாட்சி சொல்லிற்று. எவனாவது ஒருவன் முன்னரே அந்தப் பிரிமணையை மட்டும் எடுத்துச் சென்று தன் வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், நெல் யாருக்குச் சாட்சி சொல்லும், தம்பி?" என்று ஆசிரியர் பொதுவாகக் கேட்டார். அவர் பார்வை என்மேல் விழவில்லை. எனினும் விழுந்தது போலிருந்தது. என் பை மூன்று முழ தூரத்தில் சுவரோரம் கிடந்தது.

கருவூரும் சேம அச்சும்

மறுநாட் காலை நொய்யல் காவிரியோடு கூடும் இடம் சென்றோம். அவ்வூருக்கும் நொய்யல் என்பதே பெயர். அடுத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலை ஏறினோம். அங்கே சமணத் துறவியர்க்குப் படுக்கை வெட்டிய குகைத்தளத்தில் இரும்பொறை மரபுச் சேரர் மூன்று தலைமுறையினர் பெயர் தமிழி எழுத்தில் உள்ளது. அரசர் பெயர் உள்ள அதே மலையில், கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் செய்த கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. பதிற்றுப்பத்தை வகுப்பறையில் படிக்கும்பொழுது, இவர்கள் உண்மையில் வாழ்ந்தவரோ புலவர் கற்பனையோ என்று ஐயுறும் மாணவர் அம்மலை ஏறுதல் நலம். கல் ஐயத்தைத் தீர்க்கும். அக்கல்லும் வெட்டிய இடத்திலேயே இருப்பதால் அன்றோ தீர்க்கின்றது என்று என் மனம் இடித்துரைத்தது.

கருவூரில் அமராவதிக் கரையைக் கண்டு, திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும்பொழுது குளித்தலைக்கு முன் பேருந்தின் சக்கரம் ஒன்று காற்றிழந்தது. ஓட்டுநர் அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கி ஸ்டெப்னியை உருட்டி வந்தார், அதிலும் காற்றில்லை! இரண்டு மணி நேரம் சாலையோரப் புளியமரத்தடியில் அமர்ந்திருந்தோம்.

அப்பொழுது எம் வகுப்பில் மிகக் குறைவாகப் பேசும் மாணவி ஒருவர், புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றை எடுத்து விளக்கினார். உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். அத்தகைய சேம அச்சுப் போன்றவன் பொகுட்டெழினி என்பது அதன் கருத்து. முதல் அச்சு முறியாதவரை சேம அச்சை ஒருவரும் நினையார். ஆயினும் உமணர் அதனை நாள்தோறும் சோதித்திருப்பர் என்று அவர் சொன்னபொழுது ஓட்டுநர் அண்ணனும் சேர்ந்து நகைத்தார். இரண்டாண்டு ஒரே வகுப்பில் இருந்தும் அவர் குரலை அன்றுதான் நாங்கள் நன்கு கேட்டோம். கூட்டமாகச் செல்வதன் பயன் இது. தனியே செல்பவன் இடங்களைக் காண்பான். கூடிச் செல்பவன் உடன் வருபவரையும் காண்பான்.

புகார்

மூன்றாம் நாள் கல்லணை கண்டு, காவிரி பல கிளைகளாய்ப் பிரிந்து வயல்களுக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டே மயிலாடுதுறை அடைந்தோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மேற்கு நோக்கி வந்த வழிக்கு எதிராக, நாங்கள் கிழக்கு நோக்கிச் சென்றோம். நான்காம் நாட் காலை பூம்புகார்.

கருவூரை அடுத்து அகன்று பரந்த காவிரி, இங்கே சிறு வாய்க்கால்போல் ஒடுங்கிக் கடலில் கலப்பதைக் கண்டு வியந்தோம். மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், நீரின் வந்த குதிரையும் குவிந்து கிடந்த துறை என்று பட்டினப்பாலை கூறும் நகரம் இதுவே. அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, கழுதைச் சாத்துச் செல்லும் பெருவழியைக் காட்டும் பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். பெருவழியைக் கண்ட கண்ணே துறைமுகத்தையும் கண்டது என்பது எண்ணத்தக்கது. வழியில்லையேல் துறை இல்லை.

1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் இப்பகுதியில் அகழ்ந்தபொழுது, கடலினின்று உள்ளே தள்ளியுள்ள கீழையூரில் செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அதில் படகு கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களும் இருந்தன. மரத்தின் காலத்தைக் கணித்து, அத்துறை கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றனர். ஈண்டும் செங்கல்லுக்கு மரம் சாட்சி. அணித்தே பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளம் உள்ளது. தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கடலடியிலும் தேடினர். நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகின்றது.

1973-இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகி கதையைச் சிற்பங்களாகக் கண்டோம். ஆயினும் எம்மைப் பெரிதும் கவர்ந்தது கீழையூர்ப் படகுத்துறையே. அச்சிறு செங்கற் கட்டடத்தின் அருகே நின்று, இங்கே ஒருவன் கயிறு கட்டினான் என்று எண்ணியபொழுது, கொடுமணலில் முகம் வாடிய நண்பரும் நெடுநேரம் அசையாது நின்றார். பெரிய மாளிகையைக் கடல் கொண்டது. கயிறு கட்டிய தூணை மண் காத்தது.

கடற்கரையில் அலை வந்து எம் அடிச்சுவடுகளை அழித்துச் சென்றது. அழிப்பது கடலுக்கு இயற்கை, அதற்குக் குற்றமில்லை. அறிந்தும் அழிப்பவனுக்கு? அன்று நான் கடலில் இறங்கவில்லை.

தரங்கம்பாடி

புகாரினின்று தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பிய கோட்டை, கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கின்றது. 1845-இல் ஊர் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியை அலைகள் அரித்துவிட்டன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரில் பலரைக் கொண்டு சென்றது. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அந்நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இக்கரையில் இறங்கியவர் சீகன்பால்கு ஐயர். சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார் என்பர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் இங்கே தமிழில் அச்சேறியது. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில், அடுத்த ஆண்டே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இவையனைத்தும் நம் கலாசாலை மாணவர் அறிந்தவையே. நான் அறியாதிருந்தது வேறொன்று; அதனை ஆலயத்து நிழலில் எம் ஆசிரியர் கூறினார்.

சீகன்பால்கு ஐயர் தமிழ்ச் சுவடிகளை ஆர்வத்தோடு தேடித் தொகுத்தார். 1708-இல் அவற்றிற்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் உள்ளன. நூலின் பெயரை மட்டும் எழுதி அவர் அமையவில்லை. அந்நூல் எதனைக் கூறுவது, அதனை யாவர் படிக்கின்றனர் என்பன போன்ற குறிப்புகளும் எழுதினார். அவர் தேடிய சுவடிகள் சிதறிப்போயினும் அக்குறிப்புகள் நிலைத்தன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையில் தமிழர் என்னென்ன நூல்களைக் கையாண்டனர் என்பதை அவற்றால் இன்று ஆராய்ச்சியாளர் அறிகின்றனர். "வேற்று நாட்டார் ஒருவர், மொழி கற்று இரண்டாண்டு நிரம்பிய அளவிலேயே, எடுத்ததைக் குறித்து வைத்தார்" என்று ஆசிரியர் முடித்தார்.

அதற்குமேல் என்னால் பொறுக்க இயலவில்லை. அன்று மாலை கோட்டை மதிலருகே ஆசிரியர் தனித்திருந்தபொழுது கைக்குட்டையை அவிழ்த்து அவர் கையில் வைத்தேன். அவர் சினப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓட்டை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த வரப்பு, தம்பி?"

"ஆற்றினின்று மேலே வரும் வழியில் உள்ள வரப்பு, ஐயா."

"வழியில் ஐந்தாறு வரப்பு உண்டே. மேல்மண்ணிலிருந்து எவ்வளவு கீழே இருந்தது?"

"ஒரு சாண் இருக்கும்... இல்லை, ஒரு முழம் இருக்கும்."

"மேலும் கீழும் மண் என்ன நிறம்? பக்கத்தில் வேறு ஓடு, கரி, சாம்பல் ஏதேனும்?"

நான் வாய் திறக்கவில்லை. ஓட்டின் மூன்று கீறல்களைக் கண்ணை மூடியும் என்னால் வரைய முடியும்; அது கிடந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "அந்தப் பெரியவரிடம் நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்." அவ்வொரு சொல்லே கூறினார். கூட்டமாகச் செல்லும்பொழுது ஒருவன் செய்யும் பிழை அவனோடு நில்லாது, கூட்டத்தின் பெயரில் ஏறும் என்பதை நான் அப்பொழுதே அறிந்தேன்.

மீண்டும் கொடுமணல்

கலாசாலை திறந்தபின், ஜனவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியரும் நானும் கொடுமணல் சென்றோம். முதியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நடந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டினேன். அவர் சிறிது நேரம் ஓட்டைப் பார்த்துவிட்டு, "ஆகட்டும் கண்ணு, சின்னப் புள்ளைங்க செய்யறதுதான். எந்த எடம்னு காட்டுங்க, இனி அங்க ஏரை ஒதுக்கி ஓட்டச் சொல்றேன்" என்றார்.

மூவரும் காட்டிற்கு நடந்தோம். நிலம் உழப்பட்டிருந்தது, வரப்புகள் செதுக்கப்பட்டிருந்தன. இங்கே என்று ஓரிடத்தில் நின்றேன். அதுவன்று என்று தோன்றியது. அடுத்த வரப்பிற்குச் சென்றேன், அதுவும் ஐயமாயிற்று. அரைமணி நேரம் தேடினோம். அவ்விடத்தை என்னால் காட்ட இயலவில்லை. முதியவர் என் தோளில் கை வைத்து, "போனாப் போகுதுங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்த மோர் என் தொண்டையில் எளிதில் இறங்கவில்லை.

ஓட்டினை ஆசிரியர் தொல்லியல் துறையாரிடம் ஒப்புவித்தார். அங்கே அதற்கு ஒரு சீட்டு எழுதினர். ஊர்: கொடுமணல். இடம்: தெரியாது. அடுக்கு: தெரியாது. இவ்விரு தெரியாதுகளும் என் கையெழுத்திற்குச் சமானம்.

செல்வார்க்குச் சில சொற்கள்

நண்பர்களே, நீங்களும் செல்லுங்கள். நம் நாட்டில் இடிந்த நகரங்களும் எழில்மிக்க கடற்கரையும் அணித்தணித்தே உள்ளன. கோவையினின்று நான்கு நாட்கள் போதும். நூலை முன்னே படித்துச் செல்லுங்கள். படியாது சென்றால் கொடுமணல் வெறுங்காடு, புகார் வெறுமணல். இடிபாட்டைக் காணும்பொழுது உயர்ந்து நிற்பதை மட்டும் தேடாதீர்கள். ஆதன் என்னும் பெயர் பொறித்த ஓடு, கயிறு கட்டிய தூண், இவற்றின்முன் சிறிது நேரம் நில்லுங்கள். ஊராரிடம் பேசுங்கள், அவர் நிலத்தில் நடக்கின்றோம் என்பதை மறவாதீர்கள். புறப்படுமுன் ஸ்டெப்னியில் காற்று உண்டா என்று கேளுங்கள். உங்களுள் பேசாதவர் ஒருவர் இருப்பார். அவர் பேசும்வரை காத்திருங்கள்.

மண்ணில் ஏதேனும் கண்ணிற்பட்டால் கையை நீட்டாதீர்கள், குறிப்பேட்டை எடுங்கள். எந்த வரப்பு, எவ்வளவு ஆழம், மண்ணின் நிறம் யாது, அருகில் யாது உள்ளது என்று எழுதுங்கள், படம் எடுங்கள், நிலத்திற்கு உரியவரிடமும் தொல்லியல் துறையாரிடமும் சொல்லுங்கள். பொருளை அவ்விடத்திலேயே விட்டு வாருங்கள். அதன் அருகில் ஒரு பிடி நெல் இருக்கலாம். அது சாட்சி சொல்ல இரண்டாயிரம் ஆண்டு காத்திருக்கலாம்.

நான் பெற்ற பாடம் இவ்வளவே. இதனைக் கற்க எனக்கு ஓர் ஓட்டின் இடம் விலையாயிற்று. உங்களுக்கு இக்கட்டுரை போதுமாக.